வண்ணமும் வயலில்தான் விளைந்தது

போன வருஷம் தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தேன். அந்தப் பக்கம் இன்னமும் கையால் கலம்காரி எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஏறியதுமே ஒரு வாடை. புளித்த வெல்ல வாடை. நமக்கு நன்றாகப் பழகின வாடைதான்.

"என்னங்கய்யா, ஜீவாமிர்தம் கரைச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த பானையைத் திறந்து காட்டினார். உள்ளே துருப்பிடித்த ஆணி, லாடத் துண்டு, வெல்லம், தண்ணீர். இரண்டு மூன்று வாரம் புளித்தால் அதுதான் கறுப்பு மை. நாம் பீப்பாயில் செய்வதை அவர் பானையில் செய்கிறார். இரண்டிலும் வேலை பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான்.

அந்த மை பானையில் இருக்கும்போது கறுப்பாக இருக்காது. துணியில் பட்டதும்தான் கறுக்கும். காரணம் துணியில் ஏற்றியிருக்கும் கடுக்காய். கோடித் துணியைச் சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் வெளுத்து, பிறகு கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. பாலின் கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரால் எழுதி, சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு அவுரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பருத்தி, கடுக்காய், வெல்லம், பால், சாணம், வேர், தழை. இரும்பையும் படிகாரத்தையும் தள்ளிவிட்டால், ஓவியரின் இடுபொருள் எல்லாம் காடு, வயல், தொழுவத்திலிருந்து வந்தவை. கோயில் தொம்பையும் தேர்ச்சீலையும் எழுதியவர்களுக்குப் பின்னால் ஒரு உழவர் கூட்டமே இருந்திருக்கிறது.

இந்தச் சோழமண்டலக் கரைத் துணிகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின. பருத்தித் துணியில் இப்படித் துவைத்தாலும் போகாத சாய வேலையை அந்த ஊர்க்காரர்கள் அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கூச்சல் போட, 1686-இல் பிரான்சும் 1721-இல் இங்கிலாந்தும் அச்சுச் சாயப் பருத்தித் துணிகளுக்குத் தடை போட்டன. 1742-இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நம் ஓவியர்களிடம் விசாரித்து, செய்முறை முழுவதையும் கடிதமாகத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பினார்.

செய்முறை போனது. அடுத்து, சரக்கும் தேவையில்லாமல் போனது. சாயவேரில் இருக்கும் சிவப்புப் பொருளான அலிசரினை 1869-இல் தாரிலிருந்து தொழிற்சாலையில் எடுக்கத் தொடங்கினார்கள். கடற்கரை மணல் நிலத்தில் சாயவேர் தோண்டியவர்களின் பிழைப்பு கொஞ்சம் கொஞ்சமாக அற்றுப்போனது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரியின் விலை விழுந்தது.

அவுரிக்கு இன்னொரு கதையும் உண்டு. வங்காளத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்து, நெல் போட வேண்டிய நிலத்தில் கட்டாயமாக அவுரி போடவைத்தார்கள். 1859-இல் உழவர்கள் விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். பீகாரின் சம்பாரணில் இருபது கட்டாவுக்கு மூன்று கட்டா அவுரி என்று கட்டாயம் இருந்தது. 1917-இல் காந்தி அங்கே போன பிறகுதான், அடுத்த வருஷம் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயற்கை நீலம் செய்த அதே நிறுவனம்தான் 1913-இல் ஒப்பாவ் என்ற ஊரில் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் முதல் ஆலையைத் திறந்தது. ரசாயன உரத்தின் கதை அங்கிருந்து ஓடுகிறது. அவுரி ஒரு பயறுவகைச் செடி. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பது. ஆக, துணிக்கு நீலம் கொடுத்ததையும் மண்ணுக்குச் சத்துக் கொடுத்ததையும் ஒரே செடியிடமிருந்து பிடுங்கி மூட்டையில் கட்டிவிட்டார்கள்.

"இப்ப வேரும் கிடைக்கலைங்க, நல்ல நீலமும் கிடைக்கலைங்க. கடைப்பொடியத்தான் கலக்குறோம். நீங்க வெவசாயம்தானே? அவுரி போட மாட்டீங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

சட்டென்று சரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வங்கியில் இருந்தபோது ஒரு மூலிகைப் பயிருக்குக் கடன் கொடுத்தேன். வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆள் அறுவடை சமயத்தில் வரவே இல்லை. விளைச்சல் களத்திலேயே மக்கியது. கடன் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த உழவர் முகம் இன்னும் மறக்கவில்லை. ஒரே ஒருத்தர் வாங்கும் பயிர் என்றாலே எனக்குப் பயம்.

அதனால் 20 சென்ட்தான் போட்டேன். விழுப்புரம் மாவட்டத்தில் இன்னமும் அவுரி பயிராகிறது. அங்கிருந்து விதை வாங்கி, தோல் கடினம் என்பதால் மணலோடு தேய்த்து, மாசிக் கடைசியில் விதைத்தேன். பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து, தொட்டியில் தண்ணீரில் அமுக்கி ஊறவைத்தேன். நல்ல வெயில் காலம். மறுநாள் சாயங்காலம்வரை விட்டுவிட்டேன். அழுகி, சாம்பல் நிறச் சேறுதான் மிஞ்சியது. இரண்டாம் தடவை ராத்திரி போட்டு விடிகாலையில் வடித்தேன். மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீர். இரண்டு ஆட்கள் மாற்றி மாற்றி அடிக்க, காற்றுப் பட்டு நுரை நீலமானது. படியவைத்து, வடிகட்டி, நிழலில் உலர்த்தினேன். நூறு கிலோ பசுந்தழைக்கு ஒரு கிலோ நீலம்கூடத் தேறவில்லை.

கட்டியைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். நகத்தில் தேய்த்துப் பார்த்தார். "மண்ணு கொஞ்சம் கலந்திருக்கு. ஆனா நெறம், நெறந்தான்" என்றார். காசு கொடுத்துத்தான் வாங்கினார். கூலி கட்டவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஊறிய சக்கை முழுவதும் நெல் வயலுக்குப் போனது. அந்த வயலில் இந்தத் தடவை வேறு தழையுரம் நான் தேடவில்லை. இதுதான் நான் கண்ட வழி. அவுரியைத் தழையுரமாக நினைத்துப் போடுங்கள். நீலம் விற்றால் லாபம், விற்காவிட்டாலும் மண் கைவிடாது. வாங்குகிறவரை நேரில் பார்க்காமல் ஏக்கர் கணக்கில் இறங்காதீர்கள். விதை வாங்கும்போது கவனம்: தூத்துக்குடிப் பக்கம் அவுரி என்று விற்பது பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரை. அதில் நீலம் வராது.

இந்த மாசியிலும் அதே 20 சென்ட்தான். வரப்போரமாக, மணல் வாட்டமான இடத்தில், ஒரு பாத்தி சாயவேரும் போட்டிருக்கிறேன். வேர் முற்றட்டும், பெரியவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.