சிலந்தி இருந்தால் கணக்கு மாறும்

சம்பா, தாளடிப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் டெல்டா விவசாயிகளின் பேச்சில் பூச்சிதான் முதலில் வரும். இலை வெளுத்தாலும் கவலை. குருத்து ஒன்று காய்ந்தாலும் கவலை. பக்கத்து வயலில் விசைத்தெளிப்பான் சத்தம் கேட்டுவிட்டால், நாமும் ஒரு தடவை அடித்துவிடுவோம் என்று மனம் பரபரக்கும். இப்படி அடிக்கும் மருந்தில் எவ்வளவு பூச்சிக்காக, எவ்வளவு பயத்துக்காக என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கைப்பணம், உடல்நலம், இரவுத் தூக்கம் மூன்றும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன.

பூச்சியே இல்லாத வயலைத்தான் நல்ல வயல் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால், கொஞ்சம் பூச்சி இருந்தால்தான் அதைத் தின்னும் சிலந்தியும், ஊசித்தட்டானும், பொறிவண்டும் வயலில் தங்கும். இரை இல்லாத இடத்தில் காவலுக்கும் ஆள் இருக்காது.

பொறுக்கும் அளவு

இதற்குப் புகையான் நல்ல உதாரணம். தூருக்கு 1 புகையான் இருந்தால் மருந்து தேவை என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பொருளாதாரச் சேத நிலை. ஆனால், குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் இந்த அளவு தூருக்கு 2 ஆக உயர்கிறது. 15 தூர்கள் உள்ள குத்து ஒன்றில் சிலந்தி இல்லாவிட்டால் 15 புகையானுக்கே நடவடிக்கை எடுக்க வேண்டும். சிலந்தி இருந்தால் 30 வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி, நாம் பதற்றப்பட வேண்டிய எல்லையை இரண்டு மடங்கு தள்ளி வைக்கிறது.

ஓநாய்ச் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்காது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஓடி வேட்டையாடும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கும். புகையான் கூடுவதும் அதே அடித்தூரில்தான். வரப்பில் நின்று பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது.

அடித்ததால் பெருகும் புகையான்

புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. வெளியில் திரியும் சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகின்றன. சில நாட்களில் முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் கிடைக்கிறது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளும் குயினால்பாசும் புகையானை மீண்டும் பெருகச் செய்வதால், அவற்றைத் தவிர்க்கும்படி பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அரசு மானியத்தில் மருந்து தாராளமாகக் கிடைத்த காலத்தில் அங்கே புகையான் தாக்குதல் கட்டுக்கடங்காமல் போனது. 1986-ல் நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லிகளை அரசு தடை செய்தது. 1989-க்குள் மானியமும் நின்றது. வயலில் இறங்கி நன்மை செய்யும் பூச்சிகளை அடையாளம் காண, உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும்

பயிருக்கே தன்னைத் தேற்றிக்கொள்ளும் சக்தி உண்டு. நட்ட முதல் 40 நாட்களில் இலை தின்னும் புழுக்கள் செய்யும் சேதத்தைப் பயிர் புது இலைகளும் தூர்களும் விட்டுப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அந்தச் சக்தியைக் கெடுப்பது நம் அவசரம்தான். கரும்பச்சை தட்ட வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் இளசாகிறது. புகையானுக்கு அதுவே விருந்து. இலை வண்ண அட்டையைப் பார்த்து, மேலுரத்தைப் பிரித்து இட வேண்டும். எந்நேரமும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாய்ச்ச வேண்டும். நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை இறங்கும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் உழவருக்கும் பொருந்தும். பருவம் முழுக்க ஒரே பதற்றத்தில் இருந்தால் உடம்பு தாங்காது. வாரத்தில் ஒரு காலைப் பொழுதைப் பயிர் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளை விலக்கி, புகையானையும் சிலந்தியையும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். எல்லைக்குள் இருந்தால் அடுத்த வாரம் வரை மருந்துப் பேச்சுக்கே இடமில்லை. எல்லையை நெருங்கினால் மூன்று, நான்கு நாளில் மறுபடி எண்ணுங்கள். கையில் எண் இருந்தால் பக்கத்து வயல் சத்தம் தூக்கத்தைக் கெடுக்காது.

அடித்தே தீர வேண்டுமானால்

எல்லையைத் தாண்டிவிட்டால் தயங்க வேண்டாம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, பரிந்துரைத்த மருந்தைப் பரிந்துரைத்த அளவில் மட்டும் வாங்குங்கள். தண்ணீரை வடித்துவிட்டு அடித்தூரில் படும்படி தெளியுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அவசியம். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். வெறும் வயிற்றில் இறங்காதீர்கள். இடையில் பீடி, வெற்றிலை வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல் ஆகியவை விஷம் உடலில் ஏறியதற்கான அடையாளங்கள். வெயில் மயக்கம் என்று விட்டுவிடாமல், துணியைக் களைந்து உடம்பைக் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியின் லேபிளுடன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிச்ச மருந்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கும், கடன் கவலையில் மனம் உடைந்திருப்பவர் கைக்கும் எட்டாத தனி இடத்தில் பூட்டி வையுங்கள். மனம் தாங்காதபோது பேசுவதற்கு 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேவைக்கு மேல் மருந்து வாங்காதவருக்குப் பூட்டி வைக்க வேண்டியதும் குறைவு.

நட்டு இரண்டு வாரம் ஆன வயல்களில் இந்த வாரமே எண்ணிக்கையைத் தொடங்கலாம். வரப்பு ஓரங்களில் உளுந்து, தட்டைப்பயறு ஊன்றினால் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்; வீட்டுக்குக் கொஞ்சம் பயறும் மிஞ்சும்.