மண்ணும் மலரும் – 14: விதைக்கு வெளிச்சம் வேண்டும்

சென்ற வாரம் பார்த்த ஸ்வீட் பீயின் விதையை இரவு ஊறவைத்து, விரலால் குழி பறித்து ஊன்றிவிடலாம். இந்த வாரம் வருகிற ஃபாக்ஸ்குளோவ் அதற்கு நேர் எதிர். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் தட்டினால் மூக்குப்பொடிதான். கால் கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். இங்கிலாந்தில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பலர், விதை என்றால் மண் போட்டு மூட வேண்டும் என்ற பழக்கத்தில் இதையும் மூடிவிடுகிறார்கள். பிறகு ஒன்றும் முளைக்கவில்லை என்று விதைக் கம்பெனியைக் குறை சொல்கிறார்கள்.

ஃபாக்ஸ்குளோவ் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். இந்தச் செடியின் சொந்த இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்கு ஐரோப்பாவின் காட்டு ஓரங்கள், வேலிக் கரைகள், பாறை நிறைந்த மலைச்சரிவுகள், இவைதாம் அதன் பிறந்தகம். பிரிட்டனில் காட்டின் ஒரு பகுதியை வெட்டினாலோ, புயலில் பெரிய மரம் சாய்ந்தாலோ, அந்த இடத்து மண் கிளறப்பட்டு வெயில் உள்ளே விழுகிறது. பல ஆண்டுகளாக மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த ஃபாக்ஸ்குளோவ் விதைகள் அப்போது கூட்டமாக முளைக்கின்றன. வேல்ஸ் மலைகளில் ஊசியிலை மரத் தோப்புகளை வெட்டிய பின், அடுத்தடுத்த கோடைகளில் சரிவு முழுக்க ஊதாவாக நிற்பது இப்படித்தான். மரங்கள் மீண்டும் வளர்ந்து நிழல் கட்டியதும் செடிகள் மறைந்துவிடும். விதைகள் மட்டும் மண்ணில் காத்திருக்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் தடித்த மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும் அளவுக்கு உணவு இல்லை. ஆகவே வெளிச்சம் பட்டால்தான் அது விழிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

இங்கிலாந்தில் விதைப்புக் காலம் மே கடைசியிலிருந்து ஜூலை வரை. சல்லடையில் சலித்த விதைக் கம்போஸ்ட்டைத் தட்டில் நிரப்பி, மேலே லேசாக அழுத்திச் சமன் செய்யுங்கள். தட்டை ஆழமில்லாத தண்ணீரில் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏறவிடுங்கள். மேலே பூவாளியால் ஊற்றினால் விதைகள் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும். விதையோடு ஒரு கரண்டி உலர்ந்த நுண்மணல் கலந்து தூவினால் நெருக்கம் குறையும். மண் போடக் கூடாது. கண்ணாடியோ பாலிதீன் தாளோ மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்கலாம். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு, மூன்று வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரியும். தெரிந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். புழுக்கத்தில் நாற்றுகள் அழுகிவிடும்.

நாற்றுகள் ஆரம்பத்தில் கண்ணுக்கே அகப்படாது. அவசரப்பட்டு இடம் மாற்றாதீர்கள். உண்மை இலைகள் இரண்டு மூன்று வந்தபின் குழித்தட்டுக்கும், பிறகு 9 சென்டிமீட்டர் தொட்டிக்கும் மாற்றி, செப்டம்பர், அக்டோபரில் நிலத்தில் நட வேண்டும். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். அரை நிழலும் இலைமட்கு கலந்த, நீர் தேங்காத மண்ணும் போதும். அதிக உரம் இட்டால் இலைதான் கொழுக்கும்.

முதல் ஆண்டு பூ கிடையாது. தரையோடு ஒட்டி, மெல்லிய உரோமம் படர்ந்த இலைகள் வட்டமாக விரிந்து நிற்கும். அந்த நிலையிலேயே குளிர்காலத்தைக் கடக்கும். குளிர்காலக் குளிர் உடம்பில் பட்டால்தான் இரண்டாம் ஆண்டு பூந்தண்டு எழும். சமவெளித் தமிழ்நாட்டில் இதை வளர்க்க முடியாததற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருப்பவர்கள் தாராளமாக முயலலாம்.

வெள்ளைப் பூ மட்டும் வேண்டும் என்பவர்கள் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. நாற்றின் இலைக்காம்பைப் பாருங்கள். காம்பிலும் நடு நரம்பிலும் செவ்வூதாச் சாயல் இருந்தால் பூ ஊதாவாக வரும். சுத்தப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளை. காட்டு நிழலின் இருட்டில் வெள்ளை ஃபாக்ஸ்குளோவ் தரும் வெளிச்சத்துக்கு ஈடு இல்லை.

பூ வந்தபின் செடியருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக மலரும். ஒவ்வொரு பூவிலும் முதலில் மகரந்தம் முதிரும், சில நாள் கழித்தே சூல்முடி தயாராகும். எனவே எந்த நேரத்திலும் கீழ்ப்பூக்கள் பெண் நிலையிலும் மேல்பூக்கள் ஆண் நிலையிலும் இருக்கும். தேனும் கீழ்ப்பூக்களில்தான் அதிகம். பம்பிள்பீ எனும் உரோமம் அடர்ந்த பருத்த தேனீ, அதிலும் நீள நாக்குள்ள தோட்டத்துப் பம்பிள்பீ, கீழே வந்து இறங்கிப் படிப்படியாக மேலேறும். வேறு செடியிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைக் கீழ்ப்பூக்களில் உதிர்த்துவிட்டு, உச்சியில் புது மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த செடியின் அடிக்குப் பறந்துவிடும். தன் மகரந்தம் தன் சூலுக்கே போய்ச் சேராமல் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. குழலின் உட்புறத்துக் கரும்புள்ளிகள் வழி காட்டுகின்றன. அங்குள்ள உரோமங்கள் சிறு பூச்சிகளைத் தடுக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த ஏற்பாடு அலுப்பதில்லை.

'எக்ஸெல்ஸியர்' வகையில் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பூக்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். 'ஃபாக்ஸி', 'டால்மேஷியன்' வகைகளைக் குளிர்கால முடிவில் விதைத்தால் அதே ஆண்டே பூக்கும். கண்காட்சிக்கு இவை சரி. ஒருபக்கமாகச் சாய்ந்து, மழைக்குக் குனிந்து நிற்கும் காட்டு வகையின் அழகு இவற்றுக்கு இல்லை என்பது என் முடிவான எண்ணம். விதை வாங்குவதானால் சாதாரண ஊதா வகையையே வாங்குங்கள்.

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் விதையுங்கள். ஒரு முறை மட்டும் விதைத்தால் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் பூ பார்ப்பீர்கள். நடுத்தண்டு பூத்து முடிந்ததும் வெட்டினால் பக்கத்தண்டுகள் வரும். ஆனால் எல்லாத் தண்டுகளையும் வெட்டிவிடாதீர்கள். பூத்த செடி பெரும்பாலும் அத்தோடு மடிந்துபோகும். காய்கள் பழுப்பாகி வெடிக்க விட்டால் அடுத்த தலைமுறை தானாக வரும். மரப்பட்டைத் தூளை மண்மேல் தடிமனாகப் பரப்பியிருக்கும் தோட்டத்தில் மட்டும் வராது. விதைக்கு வெளிச்சம் எட்டாதே!

இனி, முக்கியமான செய்தி. இந்தச் செடியில் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. அதே நஞ்சுதான் மருந்தும் ஆயிற்று. 1775-இல் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டியின் குடும்ப வைத்தியக் குறிப்பு, வில்லியம் விதரிங் என்ற மருத்துவரின் பார்வைக்கு வந்தது. உடம்பில் நீர்கோத்து வீங்குபவர்களுக்கான கஷாயம் அது. இருபதுக்குக் குறையாத மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று அவர் கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளிடம் கவனித்து, 1785-இல் நூலாக வெளியிட்டார். பலிக்காத நிகழ்வுகளையும் மறைக்காமல் அதில் எழுதினார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கண்டு, பூக்கும் காலத்து இலையை மட்டுமே எடுக்கச் சொன்னார். அளவு மீறினால் வாந்தி வரும், பார்வை மஞ்சளாகும், நாடி தளரும் என்று எச்சரித்தார். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நேர்மையான நூல்களில் அது ஒன்று.

1930-இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர், இதன் உறவான கம்பளி ஃபாக்ஸ்குளோவிலிருந்து டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். இன்றும் நம் ஊர் மருந்துக்கடைகளில் இதய நோயாளிகளுக்குக் கிடைக்கும் அந்த மாத்திரையில் மருந்து கால் மில்லிகிராம்தான். ஒரு கீற்று இலையில் எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. காம்ஃப்ரி என்ற மூலிகையின் இலை என்று நினைத்து, பூக்காத ஃபாக்ஸ்குளோவ் இலையில் தேநீர் போட்டுக் குடித்து ஆபத்துக்கு உள்ளானவர்கள் உண்டு. எனவே கீரைப் பாத்திக்கும் மூலிகைப் பாத்திக்கும் பக்கத்தில் இதை நடாதீர்கள். செடியைத் தொடும்போது கையுறை போடுங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால், பொட்டலத்தைப் பிரிக்காமல் உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். விதை சில ஆண்டுகள் கெடாது. குழந்தை வளர்ந்தபின் விதைத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)