வென்றவனுக்குப் பட்டா உண்டா? ஒரு தஞ்சாவூர் வழக்கு

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனால் சரஸ்வதி மகால், கலைக்கூடம், தர்பார் மண்டபம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த அரண்மனைச் சொத்துக்காக நடந்த ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், சட்டப் புத்தகங்களில் நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்தது. போரையே சட்டவிரோதமாக்க நாடுகள் எடுத்த முயற்சிகளைப் பற்றிப் படிக்கப் போய், கடைசியில் நம்ம ஊர் அரண்மனை வாசலில் வந்து நின்றேன்.

கதை இதுதான். 1799-ல் இரண்டாம் சரபோஜி ஓர் ஒப்பந்தத்தின்படி நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவருக்கு மிஞ்சியது கோட்டையும், ஒரு மானியமும், வருமானத்தில் ஒரு பங்கும்தான். அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை, எனவே தஞ்சாவூர் அரசு முடிந்தது என்று கம்பெனி சொல்லிவிட்டது. மறு வருடம் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி சிப்பாய்களோடு வந்து அரண்மனைச் சொத்துக்கு முத்திரை வைத்தார். அரசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும், ராஜாவின் சொந்த நகையும் நிலமும்கூடச் சேர்ந்து போயின.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார், ஜெயித்தார். கம்பெனி பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனது. 1859-ல் கிங்ஸ்டவுன் பிரபு சொன்ன தீர்ப்பில் எல்லாம் தலைகீழானது.

தீர்ப்பின் தர்க்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "சட்டப்படி எங்களுக்கு உரிமை இருந்தது, அதனால் எடுத்தோம்" என்று கம்பெனி எடுத்திருந்தால், அந்த உரிமை சரியா என்று கோர்ட் விசாரிக்கலாம். ஆனால் அது ஓர் அரசாங்கம் தன் அதிகார பலத்தால் இன்னோர் அரசின் மீது செய்த செயலாக இருந்தால், உள்நாட்டுக் கோர்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. தஞ்சாவூரில் நடந்தது இரண்டாவது வகை. எனவே நியாயமா அநியாயமா என்ற கேள்விக்குள் போக மாட்டோம், தவறே நடந்திருந்தாலும் எந்த உள்நாட்டுக் கோர்ட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சுருக்கமாக இதுதான் முடிவு.

முதல் தடவை படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. சட்டத்தைச் சொல்லி எடுத்தால் கேள்வி உண்டு, பலத்தால் எடுத்தால் கேள்வி இல்லை!

இதை வெள்ளைக்காரன் அநியாயம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அன்றைய உலக வழக்கமே அப்படித்தான். போர் என்பது அரசுகளின் உரிமை, வென்றது வென்றவனுக்கு. அரண்மனையிலிருந்து சற்றுத் தள்ளிப் பெரிய கோயில் சுவரிலேயே ராஜேந்திர சோழனின் கல்வெட்டு கடாரம் வரை வென்ற ஊர்களைப் பட்டியல் போடுகிறது. நாம் பெருமையோடுதான் படிக்கிறோம். கடாரத்துக்காரர் எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்டிருப்பார்?

டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒருவர் நாலு ஆளைக் கூட்டிவந்து உங்கள் வயலில் இறங்கி நடவு நட்டுவிடுகிறார் என்று வையுங்கள். இங்கே இரண்டு கேள்விகள் உண்டு. வயலில் நிற்பது யார்? பட்டா யார் பேரில்? நமக்கு இவை வேறு வேறு. பழைய உலகச் சட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். அரிவாளோடு வயலில் நிற்பவன் பேரில் பட்டா தானாக மாறிவிடும்.

இந்த இரண்டையும் பிரித்ததுதான் 1928-ன் பாரிஸ் ஒப்பந்தம். கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். சிகாகோ வக்கீல் சால்மன் லெவின்சன் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே "போரைக் குற்றமாக்குங்கள்" என்று எழுதியும் பேசியும் வந்தவர். 1928 ஆகஸ்ட் 27-ல் 15 நாடுகள் கையெழுத்துப் போட்டன. கொள்கைக் கருவியாகப் போரைக் கைவிடுகிறோம், தகராறுகளை அமைதி வழியில்தான் தீர்ப்போம். சாரம் இவ்வளவுதான்.

அந்த 15-ல் இந்தியாவும் ஒன்று. இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் கஷெண்டன் பிரபு, பிரிட்டனுக்காகவும் அவரேதான் போட்டார். படையெடுப்பாலும் மிரட்டல் ஒப்பந்தங்களாலும் சேர்த்த ஒரு தேசத்தின் பெயரில், இனிமேல் யாரும் அப்படிச் சேர்க்கக் கூடாது என்று கையெழுத்து.

மூன்றே வருடத்தில் சோதனை வந்தது. கையெழுத்துப் போட்ட ஜப்பானே 1931-ல் மஞ்சூரியாவில் புகுந்தது. ஒப்பந்தத்தால் தடுக்க முடியவில்லை. அதனால்தான் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் 1932 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், பாரிஸ் ஒப்பந்தத்தை மீறி உண்டாக்கிய நிலைமையை அங்கீகரிக்க மாட்டோம் என்றார். வயலில் நில், பட்டா கிடையாது என்கிற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. நம்ம ஊர்ச் சட்டத்தில் 12 வருட எதிரிடை அனுபவத்தைக் காட்டி உரிமை கேட்கலாம். ஜப்பான் ஏறக்குறைய 14 வருடம் வைத்திருந்தும் மஞ்சூரியா அதற்குச் சொந்தமாகவில்லை.

1945-ல் ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு இதையே இன்னும் இறுக்கியது: இன்னொரு நாட்டின் எல்லைக்கோ சுதந்திரத்துக்கோ எதிராகப் பலத்தைப் பயன்படுத்தவும் கூடாது, மிரட்டவும் கூடாது. அதில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஆற்காடு ராமசாமி முதலியார். 1990-ல் ஈராக் குவைத்தைத் தன்னோடு இணைத்ததாக அறிவித்தபோது, அது செல்லாது என்று பாதுகாப்பு சபை உடனே தீர்மானம் போட்டது. மறு வருடம் ஈராக் வெளியேற்றப்பட்டது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 2014-ல் ரஷ்யா கிரைமியாவை எடுத்தது. அந்த இணைப்பு செல்லாது என்ற பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 100 நாடுகள் ஆதரவு, 11 எதிர்ப்பு. வாக்களிக்காமல் ஒதுங்கிய 58-ல் இந்தியாவும் ஒன்று. பட்டா மறுக்கப்பட்டது, வயலில் ரஷ்யாதான் நிற்கிறது.

இன்னொரு சிக்கல், கட்-ஆஃப் தேதி. புதிய சட்டம் பழைய கணக்கைத் திறக்காது. 1961-ல் இந்தியா கோவாவுக்குள் படையை அனுப்பியபோது, 1510-ல் போர்த்துகல் படையால் பிடித்தது என்ன பட்டா என்று கேட்டது. மேற்கத்திய நாடுகள் 2(4) பிரிவைக் காட்டின. கண்டனத் தீர்மானம் சோவியத் வீட்டோவால் விழுந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நேற்றுவரை திருடியவர்கள் இன்று பூட்டுப் போட்டுவிட்டு, இனி யாரும் திருடக் கூடாது என்றால் கோபம் வரத்தான் செய்யும். அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? பூட்டு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்குத்தான் தஞ்சாவூர் வழக்கு இருக்கிறதே.

அந்த வழக்கின் முடிவு: தீர்ப்புக்குப் பிறகு, 1862-ல் அரசாங்கமே ராஜாவின் சொந்தச் சொத்தைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. உங்கள் உரிமை என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அரசாங்கத்தின் தயவாகக் கொடுத்தது. பொருளைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. ஆனால் தயவு என்பது கொடுப்பவர் மனது மாறினால் நின்றுவிடும். காமாட்சி பாய் லண்டன் வரை வழக்காடியது அதற்காக அல்ல.

டோக்கியோ விசாரணையில் எல்லாரையும் விடுவிக்கச் சொன்ன நம் நீதிபதி ராதா பினோத் பால், ஆக்கிரமிப்புப் போர் அப்போது சட்டப்படி குற்றமே ஆகவில்லை என்று வாதிட்டவர். அவரைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.