யாழ்ப்பாணச் செய்தித்தாள்களும் எண்ணிமப் பதிவும்

அரசர்தம் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாவன. ஓர் ஊரின் வரலாற்றுக்கோ அவற்றினும் நொய்ய சான்றுகளே பெரும்பாலும் வாய்க்கின்றன. கோயிற் கணக்கு, காணி உறுதி, பள்ளிப் பதிவேடு, செய்தித்தாள் ஆகியன அத்தகையன. இவற்றுள் செய்தித்தாள் நாளும் ஆண்டும் இட்டு அச்சேறுவதாகலின், காலத்தை ஐயமின்றிக் காட்டவல்லது. எனினும் மறுநாளே பொதி கட்டும் தாளாகிவிடுவதும் அதுவே. அதனை எண்ணிம வடிவிற் காக்கும் முறையை யாழ்ப்பாணத்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1841ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் ‘உதயதாரகை’ என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கு வெளியிடத் தொடங்கினர். 1889இல் சைவர்தம் ‘இந்து சாதனம்’ தோன்றிற்று. இத்துணை நெடிய இதழ் மரபுடைய ஊரில், 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூண்ட வன்செயலிற் பொது நூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந் நாள்களிலேயே ‘ஈழநாடு’ நாளிதழின் பணிமனையும் தீக்கிரையாயிற்று. தொகுத்து வைத்த இடமும் அச்சிட்ட இடமும் ஒருங்கே அழிந்தமை நோக்கத்தக்கது. படிகள் யாவும் ஓரூரிலேயே இருத்தல் காப்பன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து எவரும் எங்கிருந்தும் காணுமாறு வைத்துள்ளமை இவ்வகையிற் பெரும்பணியாகும்.

தீயின்றியும் தாள் அழியும். பழந்துணிக் கூழால் ஆக்கிய பழைய தாள் நூற்றைம்பது ஆண்டு கடந்தும் மடிக்க மடங்கும். மரக்கூழால் ஆக்கிய பிற்காலச் செய்தித்தாளோ, தன்பாலுள்ள அமிலத்தால் பழுப்பேறி, தொட்ட அளவில் நொறுங்கும். ஆகவே முதலிற் படமெடுக்க வேண்டுவது மிகப் பழையதே என்பது பொருந்தாது. 1940ஆம் ஆண்டின் தாள் 1841ஆம் ஆண்டின் தாளினும் விரைந்து அழியக்கூடும்.

இனிப் படத்தை எழுத்தாக்குதல் பற்றிக் காண்போம். பொறி எழுத்தை இனங்கண்டு தருமாயின் தேடுதல் எளிதாம் என்பது உண்மையே. ஆயின் ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள், 1978ஆம் ஆண்டுத் தமிழக அரசாணைக்குப் பிற்பட்ட எழுத்தையே பயின்ற பொறிக்குப் புலப்படா. தேய்ந்த அச்சில் ரகரமும் காலும் மயங்கும்; ‘காணி’ என்பது ‘கரணி’ என நிற்கும். காணி வழக்கைத் தேடுவோர்க்கு அச் செய்தி இல்லாததாகவே முடியும். பத்தி பிரித்தறியாத பொறியோ, ஒரு பத்தியிலுள்ள மரண அறிவித்தலையும் அடுத்த பத்தியிலுள்ள ஏல விளம்பரத்தையும் ஒரே தொடராக்கி நகைப்பு விளைக்கும். எனவே படமே சான்று. எழுத்துப் படி வழிகாட்டி மட்டுமே. விளம்பரங்களை விலக்கிச் செய்திகளை மட்டும் படமெடுக்கும் சிக்கனம் ஒருசிறிதும் ஏற்கத்தக்கதன்று. கடையும் விலையும் கப்பற் பயணமும் ஆண்டுப்பள்ளிச் சேர்க்கையும் அங்கன்றோ உள்ளன?

இவ்விரண்டினும் இன்றியமையாதது அடைவு. தெல்லிப்பழை என்றும் தெல்லிப்பளை என்றும், சுண்டிக்குளி என்றும் சுண்டுக்குளி என்றும் எழுதுவர். வட்டுக்கோட்டை ஆங்கிலப் பத்தியிற் ‘பட்டிக்கோட்டா’ ஆகும். இவை ஓரிடமே என்று அடைவிற் சேர்த்தெழுதினாலன்றித் தேடுவோன் பாதியே காண்பான். ஊர்ப்பெயரையேனும் நூல்களால் அறியலாம். வயல், ஒழுங்கை, காணி இவற்றின் பெயர்களை அவ்வூர் முதியோரே அறிவர். போரினால் இடம்பெயர்ந்து அவருட் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். அவர்க்கு இப் படங்களை அனுப்பிப் பெயர்களைக் கேட்டெழுதும் பணியை, எஞ்சிய தாள்களைப் படமெடுத்து முடியும்வரை ஒத்திவைத்தல் ஆகாது.