மெய்யசைவு இசையாகும் வகை

இசைக்கருவியை வாசிப்போனுடைய உடலுக்கும் அக்கருவியில் எழும் ஒலிக்கும் உள்ள தொடர்பு இயற்கையால் அமைந்ததாகும். வில்லை அழுத்தி இழுத்தால் வயலின் உரத்து ஒலிக்கும்; மூச்சைக் கூட்டினாற் குழலின் குரல் ஓங்கும். கலைஞனது முயற்சியின் அளவை அவையோரின் கண்ணும் செவியும் ஒருங்கே உணர்கின்றன. மின்னியற் கருவிகள் பெருகியபின் இத்தொடர்பு தளர்ந்தது. பொத்தான் ஒன்றை மெல்லத் தொட்டாலும் பேரொலி பிறக்கலாம். மேடையிலிருப்பவர் இசைக்கின்றாரா, முன்னரே பதிந்து வைத்ததை ஓடவிடுகின்றாரா என்பது அவையோர்க்கு விளங்காது. தளர்ந்த தொடர்பை மீண்டும் பிணிக்கும் நோக்குடனேயே உடலில் அணியும் இசைக்கருவிகள் பல ஆக்கப்பட்டன. அவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து, அசைவை அளத்தல் எளிது என்பதும், எவ்வசைவுக்கு எவ்வொலி என வகுத்தலே அரிது என்பதும் புலனாகும்.

அணிந்தாடும் அசைவை ஒலியாக்குதல் பழைய கருத்தே. நாட்டியத்தார் பூணும் சலங்கை அதனையே செய்கின்றது. ஆயின், சலங்கை தாளத்தைக் காட்டுமேயன்றி ஆடுவோர் விரும்பியவாறு சுருதியை உயர்த்தவோ தாழ்த்தவோ இடந்தராது. அதற்கு மின்னியல் வழிகண்டவர் உருசிய நாட்டுப் பௌதிக அறிஞர் லெவ் தெரமின் என்பவர். 1920 இல் அவர் ஆக்கிய கருவியில், செவிக்கெட்டா மீடிறனில் மின்னலைவுகளை எழுப்பும் சுற்றுகள் இரண்டு உள. அவற்றுள் ஒன்றனோடு இணைந்த உலோகத் தண்டின் அருகே கை வரும்போது அச்சுற்றின் கொள்ளளவம் மாறும், மீடிறனும் மாறும். இரண்டு மீடிறன்களின் வேறுபாடே செவிக்கு இசையாய்க் கேட்கும். மற்றைக் கை இன்னொரு கம்பி வளையத்தின் அருகே அசைந்து ஒலியின் உரப்பை ஆளும்.

தெரமின் இத்தத்துவத்தை விரித்து, நடனமாடுவோர் நிற்கும் மேடையொன்றையும் அமைத்தார். தெர்ப்சித்தோன் எனப்பட்ட அம்மேடை 1932 இல் நியூயோர்க் நகரின் கார்னகி மண்டபத்திற் காட்டப்பெற்றது. உடல் உயர்ந்தாற் சுருதி உயரும். தாழ்ந்தாற் சுருதி தாழும். கேட்பதற்கு இனிய ஏற்பாடுதான். ஆயினும், சிறு தளம்பலும் சுருதியைக் கெடுக்குமாதலின், ஆடுவோர் ஆடலின் அழகைக் காப்பதா, பாட்டின் சுருதியைக் காப்பதா என்னும் இடர்ப்பாடு எழுந்தது. கருவி அமைப்போர்க்கு இதுவே முதற் பாடம்.

1983 இல் மிடி என்னும் பொதுமுறை நடைமுறைக்கு வந்தது. ஒரு கருவியின் செய்கையை எண்களாக மற்றொரு கருவிக்கு உணர்த்தும் முறை இது. அதன்படி பெரும்பாலான அளவுகள் 0 முதல் 127 வரையுள்ள எண்களாகும். கையசைவு எண்ணாகிவிட்டால், அவ்வெண் எந்த ஒலியையும் ஆளலாம். மறு ஆண்டிலேயே ஒல்லாந்துக் கலைஞர் மைக்கல் வைஸ்விஸ் தம் "கைகள்" என்னும் கருவியை அம்ஸ்ரடாம் நகரின் பெரிய இசைமண்டபத்தில் அரங்கேற்றினார். இருகைகளிலும் பூட்டிய சட்டங்களிற் சிறு சாவிகளும், சாய்வை உணரும் இரச ஆளிகளும், கைகளின் இடைத்தூரத்தை அளக்கும் மீயொலி உணரிகளும் பொருத்தப்பட்டிருந்தன.

எளிய பொருள்களாலும் இத்தகைய கருவியை ஆக்கலாம் என்று காட்டியவர் இலெற்றீசியா சொனாமி என்னும் பெண்மணி. 1991 இல் அவர் அமைத்த முதற் கையுறை, சமையலறையிற் பயன்படும் இறப்பர்க் கையுறைகளால் ஆனது. விரல்நுனிகளிற் காந்தப்புலத்தை உணரும் சிறு உறுப்புகளும், வலக்கையில் ஒரு காந்தமும் ஒட்டப்பட்டிருந்தன. விரல் காந்தத்தை அணுகுந்தோறும் மின்னழுத்தம் மாறும். அம்மாற்றமே ஒலியை ஆண்டது. 1997 அளவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் யோசப் பரடிசோ குழுவினர் ஆக்கிய ஆடற் சப்பாத்து, ஒவ்வொரு பாதத்திலும் பதினாறு அளவுகளை எடுத்துக் கம்பியின்றி அனுப்பியது. விரலின் அழுத்தம், அடியின் வளைவு, ஆர்முடுகல், சுழற்சி, நிலத்திலிருந்து பாதம் எழும் உயரம் ஆகியன அவற்றுட் சில.

இங்ஙனம் அளவுகள் பெருகப் பெருக, அவற்றை ஒலியோடு பிணைப்பது எங்ஙனம் என்னும் வினா கடினமாயிற்று. ஓர் அசைவுக்கு ஒரு பயன் என வகுத்தால், அதாவது கையை உயர்த்தச் சுருதி உயரும் என்றால், அவையோர் உடனே விளங்கிக்கொள்வர். விரைவில் சலிப்பும் அடைவர். எல்லா அசைவும் எல்லாவற்றையும் மாற்றுமாயின், இசைப்போருக்கே வழி தெரியாது. வயலினில் வில்லின் வேகம், அழுத்தம், அது படுமிடம் ஆகிய மூன்றும் கூடியே உரப்பையும் ஒலிப்பண்பையும் தீர்மானிக்கின்றன. இவ்வாறு பல அசைவுகள் கூடி ஒரு பயனை விளைக்கும் அமைப்பே நீண்ட பயிற்சிக்கு ஈடுகொடுக்க வல்லது. இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அண்டி ஹன்ற், ரொஸ் கேர்க் என்போர் நடாத்திய பரிசோதனைகளும் இக்கருத்துக்கு அரண் செய்தன. தனித்தனி நழுவிகளால் ஆளும் முறை தொடக்கத்தில் எளிதாகத் தோன்றினும், சிக்கலான பணிகளில், பழகப் பழக, கூட்டுமுறையே மேம்பட்டது.

வேறு இடர்களும் உள. அசைவுக்கும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ நூறில் ஒரு செக்கனுக்கு மேற் சென்றால், நுண்ணிய தாளம் வாசிப்போருக்குக் கருவி பின்தங்குவது போலத் தோன்றும். மேலும், நெற்றி வியர்வையைத் துடைத்தாலும் கருவி அதனை இசையென்றே கொள்ளும். ஆங்கிலப் பாடகி இமொஜென் ஹீப் குழுவினரோடு உருவாக்கி, 2012 இல் அரங்கிற் காட்டிய மிமு கையுறையில் இதற்குப் பரிகாரம் காணப்பட்டது. மூடிய கை, விரித்த கை, சுட்டுவிரல் என முத்திரைகளைக் கருவி அறியும். உரிய முத்திரை பிடித்தபோது மாத்திரம் உரிய ஒலி திறக்கும். தந்தியின் தொடுகையின்மையை ஈடுசெய்ய, சிறு அதிர்வொன்றும் கையில் உணர்த்தப்படும்.

இக்கருவிகள் மேடை விந்தைகள் மாத்திரமல்ல. பெருமூளை வாதமுடைய ஆங்கில இசைஞர் கிரிஸ் ஹால்பின், கிற்றார் வாசித்தல் வரவரக் கடினமாகிய நிலையில் மிமு கையுறையை ஏற்று மேடையில் இசைத்து வந்தார். தந்தியை அழுத்தும் வலிமைக்கு ஏற்ப உடலை வருத்தாமல், இயலும் அசைவுக்கு ஏற்பக் கருவியைத் திருத்த முடிந்தமையே இதற்குக் காரணம்.

ஆயினும், எவ்வாறும் திருத்தலாம் என்னும் இவ்வுரிமையே இடையூறாகவும் அமையும். வயலினின் இயல்பை எவரும் நாள்தோறும் மாற்றுவதில்லை; ஆதலால் மாணவன் ஆண்டுக்கணக்கிற் பயின்று அதனை வசப்படுத்துகின்றான். அணிகருவியின் பிணைப்பை ஓரிரவில் மாற்றலாம்; மாற்றினால் முன்னைய பயிற்சி வீணாகும். இதனை உணர்ந்த வைஸ்விஸ், ஒரு கட்டத்தில் "கைகளின்" அமைப்பைத் திருத்துவதை நிறுத்திப் பல்லாண்டு அதனையே பயின்றார். கருவியின் வன்மை உணரிகளின் தொகையிலன்று. ஆக்கியோன் வகுத்த விதி நிலைபெறுவதிலும், உடல் அவ்விதியைத் தன் பழக்கமாகக் கொள்வதிலுமே அடங்கியுள்ளது. பழைய கருவிகளில் இயற்கை விதித்த கட்டுப்பாட்டைப் புதிய கருவியில் மனிதன் தானே விதித்துத் தானே காத்தல் வேண்டும். அங்ஙனம் காத்தவிடத்தே அசைவு இசையாயிற்று. காவாதவிடத்து அது வெறும் கையசைப்பாகவே நின்றது.