பொன்மலையில் புளிக்கும் ஜாடி! ஆண்ட்டிக்கு ‘ஒயின்’, போலீசாருக்கு ‘ஊறல்’!

திருச்சி, பொன்மலை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டால், ரெயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் பீங்கான் ஜாடி பரணில் இருந்து இறங்கும். கிறிஸ்துமஸ் ஒயினுக்கு!

1928-ல் நாகப்பட்டினத்தில் இருந்து ரெயில்வே ஒர்க்ஷாப் பொன்மலைக்கு வந்தது. கூடவே டிரைவர், ஃபோர்மேன் குடும்பங்களும், அவர்களுடைய கேக்கும் ஒயினும் இங்கே குடியேறின. இன்று அந்த வீடுகள் குறைந்துவிட்டன. ஜாடிக்கு ஆசைப்படுகிறவர்கள் மட்டும் குறையவில்லை. ‘நாமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்று இறங்கும் புது ஆட்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

21 நாள் கணக்கு

ஒரு கிலோ பன்னீர் திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஆறிய வெந்நீர், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. வாயைத் துணியால் வேடு கட்டி, மரக்கரண்டியால் கிளறி வர வேண்டும். 21-ம் நாள் வடிகட்டி, மறுபடி மூடி வைத்துத் தெளியவிட வேண்டும்.

உள்ளே நடப்பது ஒன்றுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. ஆல்கஹாலும் கரியமில வாயுவும் வெளியே வருகின்றன. முதல் சில நாள் ஜாடி ‘உஸ்... உஸ்’ என்று சத்தம் போடும். துணி லேசாக நனைந்திருந்தாலோ, கரண்டி அழுக்காக இருந்தாலோ போச்சு! ஒயின் காடியாகிவிடும்.

டமார்!

பெரிய ஆபத்து பாட்டிலில் அடைக்கும்போதுதான். ‘நுரை அடங்கிவிட்டது’ என்று அவசரப்பட்டு மூடி போட்டால், மீதிச் சர்க்கரை உள்ளேயே புளிக்கும். வாயுவுக்குப் போக வழி இல்லை. நடுராத்திரியில் பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில்லு சுவரில் பாயும்.

பீர் இன்னும் வம்பு. அதற்குப் பொங்கும் வாயு வேண்டும். அதனால் மூடும்போது லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். கை தாராளமாகிவிட்டால் அது பாட்டில் இல்லை, குண்டு! போதாக்குறைக்கு, பல வகை பீர் ஈஸ்டுக்கு 20 டிகிரி சூடு போதும். திருச்சியில் மார்கழிப் பகலில்கூட அது கிடைக்காது.

புளிப்பு முடிந்ததா என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் உண்டு. இரண்டு மூன்று நாள் ஒரே அளவு காட்டினால் முடிந்தது. ரெயில் பெட்டி பேட்டரி ஆசிட்டை அளக்கும் கருவியும் இதே ஜாதிதான். (அதையே கொண்டுவந்து ஜாடியில் முக்கிவிடாதீர்கள்!)

சட்டம்

‘வீட்டுக்குத்தானே சார்’ என்றால் போலீசார் விடமாட்டார்கள். 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அது சாராயமா, ஒயினா, பீரா என்ற பேதம் இல்லை. 1971-ல் கடை திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. வீட்டு ஜாடிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியபோது, குக்கரில் காய்ச்சியவர்கள் தமிழ்நாடு எங்கும் பிடிபட்டார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். திராட்சை ஜாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அதே மாதம் சட்டசபையில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றுவிட்டார்கள். பொன்மலையை விட்டு லண்டன் போன குடும்பம் அங்கே அதே ஜாடியைப் பயமில்லாமல் கிளறலாம்.

இங்கே இருப்பவர்களுக்கு இஞ்சி ஒயின் இருக்கிறது. பெயரில்தான் ஒயின். ஈஸ்டு கிடையாது, புளிப்பும் கிடையாது. இஞ்சி, சர்க்கரை, பட்டை போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. காலையில் அடுப்பில் ஏற்றினால், சாயங்காலம் கேக்கோடு சேர்த்து குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்.