நியாயத்தீர்ப்பும் நீடிய பொறுமையும்
(யாக்கோபு 5:1-12)

இறுதி நியாயத்தீர்ப்பைப்பற்றி நம் பிரசங்க பீடங்களில் இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. ஒன்று, போரையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் கொண்டு முடிவின் நாளைக் கணக்கிடுதல். மற்றொன்று, அக்கோட்பாட்டைப் பேசாமலே கடந்துபோதல். திருப்பூர் போன்ற தொழில்நகரில் பணியாற்றும் ஆயருக்கு இவ்விரண்டும் உதவா. அங்கே பனியன் கம்பெனி உரிமையாளரும் தையல் தொழிலாளியும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடுகின்றனர். இவ்விருவருக்கும் நியாயத்தீர்ப்பை எவ்வாறு அறிவிப்பது? யாக்கோபின் நிருபம் இதற்கு வழிகாட்டுகிறது.

இப்பகுதி செல்வந்தரை நோக்கித் தொடங்குகிறது. அவர்கள் சேர்த்துவைத்த ஆடைகள் பூச்சிக்கு இரையாகின்றன. அவர்கள் பிடித்துவைத்த கூலியோ தேவசமுகத்தில் முறையிடுகிறது. இதன் பின்னணியில் உபாகமம் 24:14-15 நிற்கிறது. அக்கட்டளை உள்ளூர்க் கூலியாளோடு அந்நியனையும் சேர்த்தே காக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்து உழைப்போரை எண்ணுகையில் இது கருதத்தக்கது. முறையிட இடமில்லாதவனுக்கு நியாயத்தீர்ப்பு அச்சுறுத்தலன்று, அது நற்செய்தி.

கூலியைப்போல் நிலமும் நீரும் தேவனுடைய விசாரணைக்கு உட்பட்டவை. பூமியைக் கெடுப்போர் கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்பது வெளிப்படுத்தின விசேஷம் 11:18-இன் கருத்து. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், சாய, சலவைப் பட்டறைகளின் கழிவால் கெட்டது. பாசனத்திற்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கிற்று. உழவர்களின் நெடுநாள் வழக்கின் விளைவாக, விதிமுறைகளை நிறைவேற்றாத பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. ஆணை நீதியானதே. எனினும், கழிவைத் திறந்துவிட முடிவுசெய்யாத தொழிலாளரும் அதனால் வேலையிழந்தனர். மனிதரின் தீர்ப்பு இன்றியமையாதது; ஆயினும் குறைவுள்ளது. ஆகவே அதனை இறுதித் தீர்ப்பென்று போற்றுவதும் தவறு. தேவன் தீர்ப்பார் என்று சொல்லி அதனை அசட்டை செய்வதும் தவறு.

அப்படியாயின் விசுவாசி இடைக்காலத்தில் செய்யவேண்டியது யாது? யாக்கோபு இரு கிரேக்கச் சொற்களை ஆளுகிறார். வசனங்கள் 7-10இல் வரும் 'மக்ரோதுமியா' என்பது சினத்தை அடக்கி நெடிது பொறுத்தலாகும். வசனம் 11இல் வரும் 'ஹுப்பொமொனே' என்பது சுமையின்கீழ் நிலைத்திருத்தலாகும். பின்னதற்கு யோபு எடுத்துக்காட்டு. யோபு வாய்மூடி இருந்தவரல்லர், தேவனோடே வழக்காடியவர். மாரிக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனும் உழுது விதைத்துவிட்டே காத்திருக்கிறான். எனவே, அநீதியைக் கண்டு பேசாதிருத்தலைப் பொறுமை என்று போதித்தல் இவ்வசனங்களுக்கு ஒவ்வாது.

இப்பொறுமைக்கு இரண்டு நடைமுறை அடையாளங்கள் உண்டு. ஒருவர்மேலொருவர் முறுமுறுக்கலாகாது (வச. 9), சொல்லில் உண்மை வேண்டும் (வச. 12). 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின்மேல் 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரின் ஏற்றுமதி ஆணைகள் தடுமாறின. இத்தகைய நெருக்கடியில், வேலை குறைந்ததற்கு வெளிமாநிலத்தவனைப் பழித்தல் எளிது. தணிக்கைக்கு ஒரு பதிவேடும் சம்பளத்திற்கு வேறொரு பதிவேடும் வைப்பதும் எளிது. நெருக்கடி காலத்து உண்மைத்துவம் இவ்விடங்களிலேயே சோதிக்கப்படுகிறது.

ஆதலால், திருவருகைக் காலத்தில் இப்பகுதியைப் பிரசங்கிப்போர் முதல் ஆறு வசனங்களை உரிமையாளருக்கும் ஏனையவற்றைத் தொழிலாளிக்கும் பங்கிட்டுவிடலாகாது. வரப்போகும் நியாயாதிபதி இருவருக்கும் ஒருவரே. அவர் வருகிறார் என்பதாலேயே, தொழிலாளி நம்பிக்கை இழக்கவேண்டுவதில்லை. உரிமையாளர் இன்றே கணக்கைச் சரிசெய்யத் தாமதிக்கலாகாது.